எட்டடி நீளம், ஐந்தடி அகலம்: டியர்ட்ராப் ட்ரெய்லரோடு மலையகத்தில் பதினெட்டு மாதம்

நுவரெலியாவிலிருந்து தம்புள்ளைக்குப் பதினாறு வருடம் மரக்கறி லொறி ஓட்டியவன் நான். கரட், லீக்ஸ், கோவா மூட்டைகளோடு ராத்திரியில் ரம்பொடை இறக்கத்தில் இறங்கிப் பழகியவனுக்கு ஒரு வண்டியின் பெயின்ட் கண்ணில் படாது. இறக்கத்தில் அது என்ன செய்யும், அடைமழையில் என்ன செய்யும், பழுதானால் பக்கத்து டவுனில் சாமான் கிடைக்குமா, இந்த மூன்றைத்தான் பார்ப்பேன். 2024 ஜனவரியில் எடுத்த எங்கள் ட்ரெய்லரையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்து வந்திருக்கிறேன். பதினெட்டு மாதமாகிவிட்டது; ஏழாயிரம் கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவாக ஓடியிருக்கிறது. வாங்க நினைக்கும் பலர் போனில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதைவிட ஒரே தடவையில் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

ஆசை பிறந்தது 2022 ஜூனில், டீசல் வரிசையில். நான்கு ராத்திரி லொறிக்குள்ளேயே கிடந்தேன். காலை நீட்ட இடமில்லை. கண்ணாடியை ஏற்றினால் மூச்சு முட்டும், இறக்கினால் குளிர் எலும்புக்குள் இறங்கும். மூன்றாவது ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். கால் நீட்ட ஆறடி, மூச்சுக்கு ஒரு ஜன்னல், தேத்தண்ணி வைக்க ஓர் அடுப்பு. இவ்வளவும் சக்கரத்தின் மேல் இருந்தால் மனுசன் எங்கேயும் ஒரு ராத்திரியைக் கழித்துவிடலாம். வீட்டுக்கு வந்து மகளின் போனில் தேடியபோது, இதை 1930களிலேயே அமெரிக்காவில் செய்துவிட்டார்கள் என்று தெரிந்தது. முன்பக்கம் உருண்டு பின்பக்கம் சரியும் சின்னப் பெட்டி. பக்கத்திலிருந்து பார்த்தால் கண்ணீர்த்துளி மாதிரி இருக்கும், அதனால்தான் 'டியர்ட்ராப்' என்று பெயர். உள்ளே படுக்கை மட்டும்தான், நிமிர்ந்து நிற்க முடியாது. பின்கதவை மேலே தூக்கினால் குசினி; சமைக்கிறவர் வெளியே நின்றுதான் சமைக்க வேண்டும். ப்ளைவுட் பலகை எட்டடிக்கு நாலடி அளவில் வருவதால் அந்தக் காலத்தில் வீட்டிலேயே செய்தவர்கள் பலரும் அதே அளவில் கட்டியிருக்கிறார்கள். எங்களுடையது ஓரடி கூடுதல் அகலம்.

"கொழுந்துக் கூடையக் கவுத்து வெச்ச மாதிரி இருக்கு" என்றார் அம்மா, முதல் நாள் பார்த்துவிட்டு. வீட்டில் இன்றுவரை அதற்குக் 'கூடை' என்றுதான் பெயர்.

கட்டியது கண்டிப் பக்கத்தில் ஒரு பட்டறை. சாப்பாட்டு வண்டிகள் செய்து பழகியவர்கள். நல்லதும் கெட்டதும் கலந்துதான் சொல்லப்போகிறேன் என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன். விலை 11 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய். பத்துக் கிழமையில் தருவதாகச் சொல்லி நான்கு மாதம் இழுத்தார்கள். நான் எடுத்த பிறகு திருத்தவும் மாற்றவும் இன்னொரு 2 இலட்சம் போய்விட்டது. அந்த 2 இலட்சத்தில் பாதிக்கு மேல் பட்டறையே முதலில் சரியாகச் செய்திருந்தால் மிஞ்சியிருக்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அடிச்சட்டம் அருமை. நாகம் (சிங்க்) பூசிய இரும்பு, வெல்டிங் பாஸ் கையெழுத்துப் போட்ட மாதிரி ஒவ்வொரு மூட்டையும் சீராக இழுத்திருக்கிறார். ஏழாயிரம் கிலோமீற்றரில் ஒரு வெடிப்புக்கூட இல்லை. சக்கரம் 13 அங்குலம், சின்னக் கார்களுக்குப் போடும் அதே டயர். இது நான் கேட்டு வாங்கியது. ஹட்டனிலும் வெலிமடையிலும் எந்த டயர் கடையிலும் கிடைக்கும். வெளிநாட்டுப் படங்களில் வருகிற பெரிய காட்டு டயர்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் லிந்துலையில் டயர் போனால் அந்த அழகு உதவாது. அகலம் ஐந்தடி என்பதும் சரியான முடிவு. இழுக்கிற டபுள் கெப் அதைவிட அகலம். கெப் நுழைந்த இடத்தில் கூடை நுழைந்துவிடும், தோட்டத்து ரோட்டில் இது பெரிய நிம்மதி.

இனி ரோட்டில் அது நடந்துகொண்ட விதம். முதல் பயணத்தில் தம்புள்ளைப் பக்கத்து நேர் ரோட்டில் அறுபதைத் தாண்டியதும் வண்டி வாலாட்டத் தொடங்கியது. பின்னாலிருந்து யாரோ இடுப்பைப் பிடித்து இழுக்கிற மாதிரி இடதும் வலதும். லொறியில் பாரம் பின்னால் ஏறினால் என்ன ஆகும் என்று தெரிந்தவன் என்பதால் பிரேக்கை மிதிக்காமல் அக்சிலேட்டரை விட்டு மெல்ல வேகத்தைக் குறைத்தேன். அடுத்த நாளே மாமா வேலை செய்யும் தோட்டத்துக்குப் போய், கொழுந்து மடுவத்தில் கூடை நிறுக்கும் தொங்கு தராசில் ட்ரெய்லரின் மூக்கை, அதாவது கெப்பில் கொளுவும் முன்முனையை, மாட்டித் தூக்கினோம். 38 கிலோ. சாமான்களோடு மொத்த எடை 550. ட்ரெய்லரின் மூக்கில் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு அழுந்த வேண்டும். எங்களுக்கு ஏழு பங்குதான் இருந்தது. காரணம் எளிது: குசினி, அடுப்பு, பெட்டரி, தண்ணீர்க் கேன் எல்லாவற்றையும் பட்டறை பின்னாலேயே வைத்துவிட்டது. பெட்டரியையும் தண்ணீரையும் மூக்குப் பக்கத்துப் பெட்டிக்கு மாற்றிய பிறகு 62 கிலோ வந்தது. அதற்குப் பிறகு ஒரு நாளும் வாலாட்டவில்லை. இந்த ஒரு விசயத்தை மட்டும் படித்துவிட்டு மீதியை விட்டாலும் பரவாயில்லை. வாங்கியவுடன் மூக்கை நிறுத்துப் பாருங்கள். தராசு வேண்டுமென்றால் நம்ம ஊரில் எந்தத் தோட்டத்திலும் இருக்கிறது.

பிரேக் தள்ளு பிரேக் வகை. கெப் வேகம் குறைக்கும்போது ட்ரெய்லர் முன்னால் வந்து கொக்கியைத் தள்ளும். அந்தத் தள்ளுதலே ஒரு தண்டை அழுத்தி ட்ரெய்லரின் சக்கரப் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். மின்சாரமோ வயரோ தேவையில்லை. 550 கிலோவுக்குப் பிரேக் எதற்கு, கெப்பே பிடித்துக்கொள்ளும் என்று பட்டறையில் சொன்னார்கள். நான் பிடிவாதமாக நின்று வாங்கினேன். லபுக்கலையிலிருந்து ரம்பொடைக்கு இறங்கும்போது அந்தப் பிடிவாதத்துக்குப் பலன் தெரிந்தது. ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்பது லொறிக்காரர்களின் பழைய பாடம். இரண்டாவதில் போட்டு என்ஜினிலேயே பிடித்துக்கொண்டு, வளைவுக்கு முன்னால் மட்டும் தொட்டுத் தொட்டு மிதித்து இறங்கினேன். கீழே வந்து சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன். சூடுதான், ஆனால் கை வைக்க முடிந்தது. பிரேக் லைனிங் கருகும் வாசனை துளியும் இல்லை.

ஆனால் இந்த வகைப் பிரேக்குக்கு ஒரு குணம் உண்டு, அதைப் பட்டறை எனக்குச் சொல்லவே இல்லை. ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்துவிட்டது. இறங்குகிறவன் நான், பின்னால் எடுத்தாக வேண்டும், பின்னால் மேடு. ரிவர்ஸ் போட்டதும் கெப் ட்ரெய்லரைத் தள்ளுகிறது, அந்தத் தள்ளுதலையே பிரேக் வேகம் குறைப்பதாக நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. கெப் உறுமுகிறது, கூடை அசையவில்லை. பஸ்ஸில் இருந்து ஹோர்ன். கடைசியில் கண்டக்டர் தம்பி இறங்கி வந்து, நானும் அவரும் கொக்கிக்குக் கீழே குனிந்து பார்த்தபோதுதான் அந்தத் தண்டை நகராமல் பூட்டி வைக்க ஒரு சின்ன நெம்பு இருப்பது தெரிந்தது. அதைத் திருப்பினால் பின்னால் போகும். ரிவர்ஸ் முடிந்ததும் மறக்காமல் திருப்பி விட வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் இல்லாமல் இறங்குவீர்கள். இப்போது அந்த நெம்புக்குச் சிவப்பு பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். தானாகவே ரிவர்ஸை உணர்ந்து விட்டுக்கொடுக்கும் பிரேக்கும் இருக்கிறது. கிடைத்தால் அதையே கேளுங்கள்.

நானுஓயாவிலிருந்து ரதல்லைக் குறுக்கு ரோட்டில் ட்ரெய்லரோடு நான் இறங்குவதே இல்லை. 2023 ஜனவரி 20 அன்று அங்கே பஸ் விபத்தில் ஏழு உயிர் போனதை மலையகத்தில் யார் மறந்திருப்பார்கள்? தலவாக்கலை ரோட்டிலேயே சுற்றி வருகிறேன், அரை மணித்தியாலம் கூடப் போனால் போகட்டும்.

லைட் விசயம் சுருக்கமாக. நான்கு மாதத்தில் பின் லைட்டுகள் மங்கத் தொடங்கின. பின்னால் வந்த த்ரீவீல்காரர் ஹோர்ன் அடித்து நிறுத்திச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். கரண்ட் திரும்பிப் போகும் எர்த்துக்குத் தனி வயர் இழுக்காமல், ட்ரெய்லரைக் கெப்போடு கொளுவும் கொக்கிப் பந்து வழியாகவே விட்டிருந்தார்கள். அங்கே கிரீஸும் துருவும் சேர்ந்ததும் கரண்ட் போக வழியில்லை. ஒரு வயர், ஒரு போல்ட், அரை மணித்தியால வேலை. பட்டறையில் இதைச் செய்யாமல் விட்டது எனக்கு இன்னும் கோபம்தான். மலை ரோட்டில் பனிமூட்டத்தில் பின் லைட்டை நம்பித்தானே பின்னால் வருகிறவன் வருகிறான்.

பதிவு, இலக்கத் தகடு, காப்புறுதி மூன்றும் முடியும்வரை கடைசிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன், அந்த நான்கு மாத இழுபறியில் பாதி அதில்தான் போனது, ஆனாலும் சரியான வேலை.

இனி மழை. 2024 ஜூனில் நோர்வூட் பக்கம் மூன்று நாள். தென்மேல் பருவக்காற்று எங்கள் பக்கத்து மலைகளில் எப்படிக் கொட்டும் என்று தெரிந்தேதான் போனேன், பரீட்சை வைக்க வேண்டும் என்று. கூரை தாங்கியது. ஜன்னல் தாங்கியது. பின்கதவின் கீல் தாங்கவில்லை. கூரை முடிந்து கதவு தொடங்கும் இடத்தில் சாதாரணக் கதவுக் கீல்கள் மூன்றைப் போட்டு இடைவெளியைச் சிலிக்கனால் அடைத்திருந்தார்கள். கதவைத் தூக்கித் தூக்கி இறக்கியதில் சிலிக்கன் பிய்ந்து, தண்ணீர் நேராக அரிசி டப்பாவுக்கு மேல் விழுந்தது. மேலே புதிதாகச் சிலிக்கன் பூசினேன், பிடிக்கவில்லை. பழைய சிலிக்கனின் மேல் எதுவும் ஒட்டாது, சிலிக்கனேகூட ஒட்டாது. முழுவதையும் சுரண்டி எடுத்தால்தான் வேலை ஆகும் என்பதை இரண்டு டியூப் வீணாக்கித்தான் படித்தேன்.

இதற்கென்றே ஒரு கீல் இருக்கிறது. கதவின் முழு அகலத்துக்கும் ஒரே துண்டாக அலுமினியத்தில் வரும். ஒரு பாதி இன்னொரு பாதிக்குள் உருண்டு பொருந்துவதால் மேலிருந்து வரும் தண்ணீர் உள்ளே போகாமல் பக்கவாட்டில் வழிந்துவிடும். அதைத் தருவித்துப் போட்டு, கதவைச் சுற்றிக் குழல் மாதிரியான ரப்பரையும் ஒட்டினேன். அதற்குப் பிறகு ஒக்டோபர் மழை, இந்த வருட மே மழை இரண்டும் போய்விட்டன, அரிசி டப்பா காய்ந்தே இருக்கிறது. ப்ளைவுட்டின் ஓரங்களையும் ஒரு தடவை பாருங்கள். எங்களுடையதில் சக்கரத்துக்கு மேலே ஓரம் பூசப்படாமல் வெறுமையாக இருந்தது. சக்கரம் அள்ளி அடிக்கும் சேற்றுத் தண்ணீரைப் பலகை குடித்துக் குடித்து உப்பத் தொடங்கியிருந்தது. காயவைத்து எபொக்சி பூசினேன். அடித்தளத்துக்குத் தார் பூசியிருக்கிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

காஸ் பெட்டியைப் பற்றிச் சொல்லும்போது குரலை உயர்த்தத்தான் வேண்டியிருக்கிறது. 2.3 கிலோ சிலிண்டருக்கு அளவாக அழகான பெட்டி செய்து, காற்றுத் துவாரத்தை மேல் பக்கத்தில் வைத்திருந்தார்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, கீழே தேங்கும், தண்ணீர் மாதிரி. துவாரம் பெட்டியின் அடியில், வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும்; படுக்கைப் பக்கம் ஊசி நுழையும் ஓட்டைகூட இருக்கக் கூடாது. எடுத்த அன்றே அடியில் இரண்டு ஓட்டை போட்டேன், படுக்கைப் பக்கத்தை முழுக்க அடைத்தேன். பட்டறைக்குப் போன் செய்து சொன்னேன். "சரி அண்ணே, அடுத்ததுல பாத்துக்கிறோம்" என்றார்கள். அடுத்தது யாருடையதோ, அவர் இதைப் படித்தால் தயவுசெய்து பெட்டியைக் குனிந்து பாருங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று. நம்ம ஊர்களில் குளிர் காலத்தில் அடுப்புத் தணலைச் சட்டியில் அள்ளி வைத்துக் குளிர் காய்கிற பழக்கம் உண்டு. லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையில், கதவிடுக்கும் தகரத்து இடுக்கும் இருந்ததால் காற்றுப் போய் வந்தது. இந்தப் பெட்டிக்குள் அது நடக்காது. தணல் சட்டியோ காஸ் அடுப்போ உள்ளே கொண்டுபோய்க் கதவை மூடினால் காபன் மொனொக்சைட் சேரும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்கியவர் எழுந்திருக்க மாட்டார். அதைக் கண்டுபிடித்துக் கத்தும் சின்னக் கருவி பெட்டரியில் ஓடும். தலைமாட்டில் மாட்டியிருக்கிறேன். மெத்தை இல்லாமல்கூடப் போங்கள், இது இல்லாமல் போகாதீர்கள்.

குளிருக்கு என்ன செய்வது? முதல் பரீட்சை அம்பேவெலப் பக்கத்தில், ஜனவரிக் கடைசி. விடியற்காலை வெளியே ஐந்து பாகை. உள்ளே மனைவியும் மகளும், நான் கெப்பின் பின்சீட்டில். கூடைக்குள் குளிரே தெரியவில்லை என்றார்கள். இரண்டு பலகைகளுக்கு நடுவே ஓரங்குல ரெஜிபோம் (குளிர் தடுக்கும் வெள்ளை நுரைப் பலகை) இருக்கிறது, இரண்டு பேரின் உடம்புச் சூடே போதும். ஆனால் காலையில் மகள் கூப்பிட்டாள். "அப்பா, உள்ள மழை பெய்யுது." கூரையின் உள்பக்கம் முழுவதும் துளித்துளியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மூச்சிலிருந்து வந்த ஈரம்தான். குளிர் உள்ளே வரும் என்று கூரைக் காற்றாடியையும் ஜன்னலையும் இறுக்கி மூடியிருந்தார்கள். அன்றிலிருந்து எவ்வளவு குளிரானாலும் காற்றாடி மூடியை இரண்டு விரல் அளவு திறந்து, எதிர்ப்பக்க ஜன்னலையும் அதே அளவு திறந்து வைக்கிறோம். ஒரு கம்பளி கூடுதலாகப் போர்த்திக்கொண்டால் முடிந்தது. காற்றுக்கு வழி விட்டால் துளி பாதிக்கும் கீழே குறைகிறது.

அதைவிட மோசமானது கண்ணில் படாத ஈரம். இரண்டு மாதம் கழித்து மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம். சூடான மெத்தை, குளிர்ந்த பலகை, நடுவில் காற்றுக்கு இடமில்லை. ரப்பர் மெத்தையை எடுத்துவிட்டு, அடியில் தும்புப் பாய் விரித்து, மேலே மெல்லிய தும்பு மெத்தை போட்டேன். தும்பு காற்றை விடும், சீக்கிரம் காயும், கிழிந்தால் எந்த டவுனிலும் வாங்கலாம். இந்த 2 இலட்சத்தில் நான் மனம் நிறைந்து செலவு செய்தது இதற்குத்தான்.

மின்சாரத்துக்கு 100 அம்பியர் மணி லிதியம் இரும்பு பொஸ்பேட் பெட்டரியும் 100 வொட் சோலார் பெனலும். லைட், காற்றாடி, போன் சார்ஜ் மூன்றுக்கும் மூன்று நாள் தாராளம். ஆனால் மூட்டம் மூடிய நுவரெலியா நாட்களில் பெனலை நம்பக் கூடாது. ஓடும்போது கெப்பிலிருந்தே சார்ஜ் ஆகும்படி ஒரு சார்ஜரைப் போட்ட பிறகு கவலையில்லை.

சமையலில் ஒரே ஒரு விசயம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் 94 பாகையை ஒட்டியே கொதித்துவிடும். அதனால் பருப்பு வேக நேரமெடுக்கும், காஸும் தீரும். சின்னப் பிரஷர் குக்கர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வழக்கம், முதல் நாள் வீட்டிலிருந்தே ரொட்டியும் கட்டச்சம்பலும். பின்கதவு தலைக்கு மேல் கூரையாக நிற்பதால் தூறலிலும் நின்று சமைக்கலாம். மனைவிக்கு அந்த இடம்தான் கூடையிலேயே பிடித்தது. நின்ற இடத்திலிருந்தே மலை தெரிகிற குசினி வேறு யாருக்கு இருக்கிறது என்பார்.

அம்மா கதைக்கு வருகிறேன். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தவர். நாங்கள் ஆறு பேர் வளர்ந்தது பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில். முதலில் கூடைக்குள் வர மறுத்துவிட்டார். "ஒரு காம்பராவுல இருந்து வெளிய வர எனக்கு அம்பது வருசம் ஆச்சு. மறுபடியும் பெட்டிக்குள்ள படுக்கச் சொல்றியா ராசா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. கட்டாயப்படுத்தவும் இல்லை.

2024 பெப்ரவரியில் காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் இரண்டு ராத்திரி தங்கத் திட்டமிட்டோம். இடம் ஒரு தோட்டத்துக்குச் சொந்தம், எஸ்டேட் ஒபிஸில் எழுத்தில் அனுமதி கேட்டேன். கடிதத்தை அம்மா வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "நம்ம ஆளுங்க வெச்ச மலையில ஒரு ராத்திரி படுக்க நாமளே கடுதாசி குடுக்கணுமா?" அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது, அந்த நியாயம் எனக்கு இன்னும் உள்ளே குத்துகிறது. ஆனாலும் கடிதம் கொடுங்கள். அனுமதி இல்லாமல் நின்றால் ராத்திரி வாச்சர் வந்து எழுப்புவார், அவரும் நம்ம ஆள்தான், அவருடைய வேலைக்கு நாம் வில்லங்கம் வைக்கக் கூடாது. அனுமதி கிடைத்தது. அம்மா பகலில் வந்து கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு, சாயந்திரம் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார்.

ஓகஸ்ட்டில் தம்பேதன்னைக்கு மட்டும் அவராகவே கேட்டு வந்தார். அங்கே மலை உச்சியில் இருக்கும் லிப்டன் சீட்டைப் பேப்பரில் படமாகப் பார்த்திருக்கிறார். 1890 வாக்கில் அந்தத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டன் உட்கார்ந்து பார்த்த இடம் என்று சொல்வார்கள். அப்புத்தளையில் தெரிந்தவர் ஒருவரின் முற்றத்தில் கூடையை நிறுத்திவிட்டு, விடியற்காலையில் கெப்பில் மட்டும் மேலே போனோம். அந்த ஒடுக்கமான தோட்டத்து ரோட்டில் ட்ரெய்லரை இழுக்காதீர்கள், திருப்ப இடமில்லை. மேலே போனதும் எல்லோரும் தெற்கே தூரத்து மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கீழே குனிந்து பக்கத்துச் செடியைப் பார்த்தார். ஒரு கொழுந்தைக் கிள்ளி விரலில் உருட்டினார். "காத்துக் காலத்துக் கொழுந்து, சின்னதாத்தான் இருக்கும். ஆனா சாயம் நல்லா வரும்." பிறகு ஒரு மணித்தியாலம் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்திருந்தார். யாரும் எழுப்பவில்லை. அன்று ராத்திரி மனைவியோடு கூடைக்குள் படுத்தார். காலையில் கேட்டேன். "இது காம்பரா இல்ல. நெனச்சா கெளப்பிட்டுப் போகலாம்" என்றார். அதற்குப் பிறகு வந்த நான்கு பயணத்திலும் வலப்பக்க ஜன்னலோரம் அவருடைய இடம்.

அம்மா சொன்ன அந்தக் காற்றுக் காலம்தான் எங்கள் பயண நாட்காட்டி. ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தரும் காலம் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை. திம்புளைப் பக்கம், அதாவது ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை. மழை குறைந்து உலர்ந்த காற்றடிக்கும்போது கொழுந்துக்கு வாசனை ஏறும், ட்ரெய்லருக்கும் அதே காலம்தான் நல்லது. மேற்கில் மழை கொட்டும்போது கிழக்குப் பக்கம் போங்கள். டிசம்பரில் பதுளை நனையும்போது அந்தப் பக்கம் போகாதீர்கள். ஊவாக் காற்றுக்கு ஓர் எச்சரிக்கை மட்டும்: பின்கதவைத் தூக்கி வைத்தால் அது பாய்மரம். அப்புத்தளையில் ஒரு வீச்சில் கதவைத் தாங்கும் தண்டு ஒன்று வளைந்தே போனது. மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பி நிறுத்துங்கள்.

இடம் தேடும்போது நான் பார்க்கும் முதல் விசயம் காட்சி இல்லை, தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்பதுதான். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயத்து வீடுகளை மண் மூடியதைப் பார்த்தவர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். சரிவுக்கு அடியில், வெட்டிய மண்மேட்டுக்குப் பக்கத்தில், ஓடை வாயில் நிறுத்த மாட்டேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மாவட்டம் மாவட்டமாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் வந்தாலே எங்கள் பயணம் தள்ளிப்போகும்.

அட்டை கடிக்காமல் இருக்கச் சவர்க்காரம் கால் முழுக்கப் பூசிக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மிச்சத்தை வெளியே வைக்காதீர்கள், பன்றி வரும், நாய் வரும், நாயைத் தேடிச் சிறுத்தையும் வரும்.

மறுபடியும் வாங்குவேனா என்றால், இதே அளவில், இதே பாஸ் வெல்டிங் செய்தால் வாங்குவேன். கீலையும் காஸ் பெட்டியையும் எர்த் வயரையும் கையில் எழுதிக் கொடுத்து, அதன்படி செய்தால்தான் பணம் என்று சொல்வேன். மூன்று பேருக்கு மேல் உள்ள குடும்பம் இதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம், கூடாரம் ஒன்றும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். சின்னக் காரில் இழுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தட்டையான ஊரில் இழுக்கலாம், எங்கள் மலையில் வேண்டாம்.

போன மாதம் தலவாக்கலையிலிருந்து ஒரு டீச்சர் இதே பட்டறையில் ஒன்று சொல்லிச் செய்வித்தார். எடுக்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். காஸ் பெட்டியைக் குனிந்து பார்த்தேன், துவாரம் அடியில் இருந்தது. எர்த் வயர் தனியாக ஓடியது. நீளக் கீல் போட்டிருந்தார்கள். டீச்சரை உள்ளே படுக்கச் சொல்லி டோர்ச்சைக் கையில் கொடுத்து, பட்டறைக் குழாயைப் பிடித்துப் பின்கதவின் மேல் இருபது நிமிசம் தண்ணீர் அடித்தேன். "அண்ணே, இடது மூலையில ஒரு சொட்டு" என்று உள்ளிருந்து குரல் வந்தது. பாஸ் ஒன்றும் பேசாமல் ஸ்க்ரூட்ரைவரை எடுத்துக்கொண்டு வந்தார். ரப்பர் அந்த மூலையில் அரை அங்குலம் குறைவாக வெட்டப்பட்டிருந்தது. புதிதாக வெட்டி ஒட்டிக் காயும்வரை அங்கேயே பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தோம். பிறகு மறுபடியும் இருபது நிமிசம் அடித்தேன்.